டெஸ்லா ஜெயித்த வழக்கு அல்ல அது

ரேடியோவைக் கண்டுபிடித்தது மார்க்கோனி இல்லை, டெஸ்லாதான், 1943ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே ஒரு சோகக் கதையும் உண்டு. டெஸ்லா அந்த வருஷம் ஜனவரியில் ஒரு ஹோட்டல் அறையில் தனியாக இறந்துபோனார், ஜூனில் தீர்ப்பு வந்தது, ஆறு மாதம் உயிரோடு இருந்திருந்தால் தன் காதால் கேட்டிருப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தீர்ப்பை எடுத்துப் படிக்கும்வரை.

நான் அனலாக் சர்க்யூட் வேலை பார்க்கிறவன். காப்புரிமை ஆவணங்களைப் படிப்பதும், "இது ஏற்கெனவே வேறு யாராவது செய்ததுதானா" என்று பழைய ஆவணங்களைத் தோண்டுவதும் வேலையோடு ஒட்டிவந்த தொல்லை. அந்தப் பழக்கத்தில்தான் இந்தத் தீர்ப்பையும் படித்தேன். படித்து முடித்ததும் தோன்றியது இதுதான்: இது ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கே இல்லை. நான்கு சர்க்யூட்டுகளை ஒரே அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்வது, மார்க்கோனி அதற்குக் காப்புரிமை கேட்ட 1900 நவம்பரில் புதுசா இல்லையா என்ற ஒரே கேள்விதான் இதில் பெரியது. அந்தக் கேள்வியில் ஜெயித்தவர் டெஸ்லாவும் இல்லை. ஜான் ஸ்டோன் ஸ்டோன் என்று ஒருவர். பெயரில் ஸ்டோன் இரண்டு முறை வருவது அச்சுப்பிழை இல்லை, உண்மையிலேயே அதுதான் பெயர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியின் பெயரும் ஸ்டோன், ஹார்லன் ஃபிஸ்க் ஸ்டோன். அதனால் படிக்கும்போது "ஸ்டோன் சொன்னதை ஸ்டோன் ஏற்றுக்கொண்டார்" என்று குழம்பாமல் இருக்கக் கொஞ்சம் பழக வேண்டும்.

முதலில் வழக்கு வந்த கதை. 1910ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: அரசாங்கம் உன் காப்புரிமையை அனுமதி இல்லாமல் பயன்படுத்தினால் கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ் என்ற தனி நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம். அதை வைத்து 1916 ஜூலையில் அமெரிக்க மார்க்கோனி கம்பெனி அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. 1919ல் அந்தக் கம்பெனியின் தொழிலை ஆர்சிஏ (ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா) எடுத்துக்கொண்டுவிட்டது. சண்டைக்குக் காரணமான காப்புரிமை, எண் 7,63,772, 1904ல் கொடுக்கப்பட்டு 17 வருஷம் முடிந்து 1921லேயே காலாவதி ஆகிவிட்டது. வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 1935ல் கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ் அந்தக் காப்புரிமையின் முக்கியமான கிளெய்ம்கள் ("இது என் கண்டுபிடிப்பு" என்று எண் போட்டு உரிமை கோரும் பத்திகள்) செல்லாது என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1943 ஜூன் 21 அன்று அதை உறுதி செய்தது.

இந்த வரிசையைச் சரியாகத் தெரிந்துகொண்டாலே பாதிக் கட்டுக்கதை உதிர்ந்துவிடும். "இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மார்க்கோனிக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்கத்தான் டெஸ்லா பக்கம் சாய்ந்தார்கள்" என்று ஒரு சதிக்கோட்பாடு சொல்வார்கள் இல்லையா? செல்லாது என்ற முடிவு வந்தது 1935ல். அப்போது இரண்டாம் உலகப் போரே கிடையாது. மார்க்கோனி உயிரோடு இருந்தார், அவர் இறந்தது 1937ல். டெஸ்லா இந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை, அவருடைய பழைய காப்புரிமை ஒன்று ஆதாரங்களில் ஒன்றாக மேஜையில் கிடந்தது, அவ்வளவுதான்.

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம். எனக்கு இதுதான் ருசியான இடம்.

மார்க்கோனி 1896ல் கொண்டுவந்த முதல் அமைப்பில் டிரான்ஸ்மிட்டர் என்பது ஆன்டெனாவுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு தீப்பொறி இடைவெளி, அதைச் சொடுக்க ஒரு இன்டக்‌ஷன் காயில். பொறி பாயும்போது ஆன்டெனாவில் மின்னோட்டம் அலைபாயும், அலை வெளியே போகும். வேலை செய்தது, ஆனால் ஒரு கோளாறு. ஆன்டெனா நன்றாகக் கதிர்வீசும் பொருள், அதாவது தன்னிடம் இருக்கும் ஆற்றலை இரண்டு மூன்று அலைவிலேயே வெளியே கொட்டிவிடும். இரண்டு மூன்று அலைவில் அடங்கிப்போகிற சிக்னலுக்கு "இதுதான் என் அதிர்வெண்" என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, அது ஒரு பெரிய அகலத்துக்குப் பரவிக்கிடக்கும். பக்கத்தில் இன்னொரு நிலையம் இயங்கினால் இரண்டும் கலந்து ரிசீவரில் ஒரே இரைச்சல். இதற்கு நேர் எதிர், மூடிய சர்க்யூட்: ஒரு பெரிய கெப்பாசிட்டர், அந்தக் காலத்தில் லெய்டன் ஜாடிகள், ஒரு சின்ன காயில், ஒரு பொறி இடைவெளி. இது நிறைய ஆற்றலைச் சேமிக்கும், ரொம்ப நேரம் அலைபாயும், ஆனால் வெளியே எதையும் அனுப்பாது. நன்றாக வீசுவது அலைபாயாது, நன்றாக அலைபாய்வது வீசாது. 1890களின் பிற்பகுதியில் இந்தத் துறையில் இருந்த எல்லோரும் முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான்.

விடை இப்போது யாருக்கும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொள், நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மரால் இணை. மூடிய சர்க்யூட் ஆற்றலைத் தேக்கி ஒரே அதிர்வெண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டெனாவுக்கு ஊட்டும், ஆன்டெனா வீசும். ரிசீவரிலும் அதையே திருப்பிப் போடு: ஆன்டெனா ஒரு சர்க்யூட், வந்த அலையைக் கண்டறியும் டிடெக்டர் இருக்கும் மூடிய சர்க்யூட் இன்னொன்று. இங்கே இரண்டு, அங்கே இரண்டு, மொத்தம் நான்கு. நான்கிலும் காயிலின் இன்டக்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கினால் ஒரே விடை வர வேண்டும், அப்போதுதான் நான்கும் ஒரே அதிர்வெண்ணில் ஒத்ததிரும். மூடிய பக்கத்தில் 10 மைக்ரோஹென்றியும் 10,000 பிக்கோபேரடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா பக்கத்தில் கெப்பாசிட்டன்ஸ் இயல்பிலேயே குறைவு, 500 பிக்கோபேரட்தான் கிடைக்கிறது என்றால் காயிலை 200 மைக்ரோஹென்றிக்கு ஏற்ற வேண்டும். இரண்டு பெருக்கலும் ஒன்றே, இரண்டும் ஏறத்தாழ 503 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். மார்க்கோனி தன் காப்புரிமையில் கோரியது இதைத்தான்: நான்கு சர்க்யூட், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிச் சரிசெய்ய வழி, நான்கும் ஒன்றோடொன்று ஒத்ததிர்வில் இருக்க வேண்டும்.

காகிதத்தில் பார்க்க எளிது. செய்து பார்த்தால் ஒரு விஷயம் கடிக்கும். இரண்டு ட்யூன் செய்த சர்க்யூட்டுகளை நெருக்கமாக இணைத்தால் அவை ஒரே அதிர்வெண்ணில் நிற்காது, இரண்டாகப் பிளந்துவிடும். இணைப்பு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லும் இணைப்புக் குணகம் 0.2 இருந்தாலே மேலே சொன்ன 503, சுமார் 460, 560 என்று இரண்டு முகடாகிவிடும். எந்த முகட்டுக்கு ரிசீவரைத் திருப்புவது? இந்தச் சிக்கலைக் கணக்காகப் புரிந்துகொண்டு, இணைப்பின் பாதிப்பை அமுக்க மூடிய சர்க்யூட்டில் கூடுதலாக ஒரு காயிலைப் போட்டவர் ஸ்டோன். இவர் பாஸ்டனில் அமெரிக்கன் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் கம்பிகளில் அலை போவதைப் பற்றிய கணக்கிலேயே ஊறிப்போனவர். பொறியை வைத்து ஊதிப் பார்த்துக் கற்றவர்கள் நடுவில் கணக்குப் போட்டுப் பார்த்து வந்தவர் என்பது அவருடைய காப்புரிமையைப் படித்தாலே தெரிகிறது.

இப்போது தேதிகள். காப்புரிமை வழக்கில் கடைசியில் எல்லாம் தேதியில்தான் வந்து நிற்கும். மார்க்கோனி அமெரிக்காவில் விண்ணப்பித்தது 1900 நவம்பர் 10. இதன் பிரிட்டிஷ் வடிவம்தான் புகழ்பெற்ற 7777 எண் காப்புரிமை, அது 1900 ஏப்ரல். இதற்கு முன்னால் யார் யார்?

பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ், 1898 பிப்ரவரியில் விண்ணப்பம், அதே ஆகஸ்டில் காப்புரிமை. ஆன்டெனா சர்க்யூட்டில் மாற்றக்கூடிய காயில் போட்டு அதை ட்யூன் செய்வது அவருடையது. ஆக ஆன்டெனாவை ட்யூன் செய்வதோ, வேண்டிய அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்வதோ 1900ல் புது யோசனை இல்லை.

அடுத்து டெஸ்லா, 1897 செப்டம்பரில் விண்ணப்பம், 1900 மார்ச்சில் காப்புரிமை, எண் 6,45,576. இங்கே பக்கத்துக்குப் பக்கம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டுக்கதையின் வேர் இதுதான். அந்த ஆவணத்தில் அனுப்பும் பக்கம் இணைக்கப்பட்ட இரண்டு சர்க்யூட், வாங்கும் பக்கம் இரண்டு, ஒத்ததிர்வு, எல்லாம் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவர் அனுப்ப நினைத்தது செய்தியை அல்ல, மின்சக்தியை. பலூன் மாதிரி ஏதாவது ஒன்றில் முனையைப் பல ஆயிரம் அடி உயரத்துக்கு ஏற்றி, அங்கே இருக்கும் மெல்லிய காற்றின் வழியே மின்சாரத்தைக் கடத்துவது திட்டம். அவர் உதாரணமாகப் போட்டுக் காட்டும் ஒரு கணக்கில் அதிர்வெண் வினாடிக்கு 925, அதற்கான காயிலின் கம்பி நீளம் 50 மைல். ஐம்பது மைல் கம்பியில் சுற்றிய காயிலை மார்க்கோனியின் கப்பலில் ஏற்ற முடியாது என்பதை விடுங்கள், அதே ஆவணத்தில் வேறு பயன்களில் ஒன்றாகத் தொலைவுக்குச் செய்தி அனுப்புவதையும் டெஸ்லா ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகிறார். அந்த வரி இருந்தது அவருக்கு நல்லதாகிவிட்டது. எதற்காகச் செய்தாய் என்பது வேறு, சர்க்யூட் எப்படி இருக்கிறது என்பது வேறு. ஒரு கருவிக்கான கிளெய்மில் இரண்டாவதுதான் முதலில் பார்க்கப்படும். நீதிமன்றமும் டெஸ்லாவின் சர்க்யூட்டை நான்கு சர்க்யூட் அமைப்பாகவே ஏற்றுக்கொண்டது. மாற்றிச் சரிசெய்யும் வழி லாட்ஜிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் மார்க்கோனிக்கு மிச்சம் அதிகம் இல்லை.

கடைசியாக ஸ்டோன், விண்ணப்பம் 1900 பிப்ரவரி 8. மார்க்கோனியின் அமெரிக்க விண்ணப்பத்துக்கு ஒன்பது மாதம் முன்பு, பிரிட்டிஷ் விண்ணப்பத்துக்கும் இரண்டரை மாதம் முன்பு. நான்கு சர்க்யூட், கம்பியில்லாத் தந்திக்காகவே, குறிப்பிட்ட நிலையத்தை மட்டும் பிரித்துக் கேட்பதற்காகவே. 1899ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதே யோசனையை விளக்கியும் இருக்கிறார், அந்தக் கடிதம் வழக்கில் ஆதாரமாக வந்தது. (கடிதங்களைக் கிழித்துப் போடாத நண்பர்கள் வாழ்க.)

இவ்வளவு தெளிவாக இருந்தால் எட்டு நீதிபதிகளில் மூன்று பேர் ஏன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை? அங்கேதான் ஒரு முள் இருக்கிறது.

ஸ்டோனின் முதல் விண்ணப்பம் மூடிய சர்க்யூட்டுகளை ட்யூன் செய்வதை விலாவாரியாகச் சொல்கிறது. ஆன்டெனாவைப் பற்றி வரும்போது அதில் மூடிய சர்க்யூட் தன் அதிர்வெண்ணைத் திணிக்கிறது, அதாவது ஆன்டெனாவில் நடப்பது திணிக்கப்பட்ட அலைவு, என்கிறது. ஊஞ்சலை அதன் போக்கில் ஆட விட்டு, அந்தத் தாளத்துக்கே தள்ளுவது ஒரு வகை. ஊஞ்சலின் சொந்தத் தாளம் என்னவாக இருந்தாலும் சங்கிலியைக் கையில் பிடித்து நம் இஷ்டத்துக்கு ஆட்டுவது இன்னொரு வகை. முதல் விண்ணப்பம் பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி. ஆன்டெனாவின் சொந்த அதிர்வெண்ணையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் நல்லது என்று ஸ்டோன் வெளிப்படையாக எழுதியது 1902ல், விண்ணப்பத்தில் திருத்தமாக. மார்க்கோனியின் 7777 அதற்கு முந்தைய வருஷமே வெளியாகிவிட்டது. இந்த வரிசையைப் பார்த்து உங்கள் புருவம் உயர்ந்தால் நீங்கள் நீதிபதி ரட்லெட்ஜ் பக்கம். முதலில் எழுதியதில் இல்லாத ஒன்றை, அடுத்தவன் செய்ததைப் பார்த்த பிறகு உள்ளே நுழைத்துவிட்டு, முதல் தேதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பது அந்தப் பக்கத்து வாதத்தின் சாரம்.

பெரும்பான்மை இதற்குச் சொன்ன பதில்: திருத்தம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, உள்ளே ஏற்கெனவே இருந்ததை வெளிச்சம் போட்டுக் காட்டியது, அவ்வளவே. 1899 கடிதம் இருக்கிறது, லாட்ஜ் ஏற்கெனவே ஆன்டெனாவை ட்யூன் செய்திருக்கிறார், கூர்மையாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பதே ஸ்டோனின் குறிக்கோள், ஆகவே ஆன்டெனாவை மட்டும் ட்யூன் செய்யாமல் விடச் சொன்னார் என்று எப்படி வாசிப்பது என்கிறது.

என்னுடைய அபிப்பிராயம், யாரும் கேட்கவில்லை என்றாலும்: முடிவு சரி, வழி கொஞ்சம் வளைந்தது. இன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஒரு கிளெய்மைப் புதுமை இல்லாதது என்று ஒரே அடியில் வீழ்த்த வேண்டுமானால் ஒரே ஆவணத்தில் அதன் எல்லாக் கூறுகளும், அந்தக் கிளெய்மில் இருக்கும் அதே அமைப்பில் இருக்க வேண்டும். காயில் ஒரு பக்கத்தில், கெப்பாசிட்டர் இன்னொரு படத்தில் என்று பொறுக்கிச் சேர்த்துக் காட்டினால் போதாது, 2008ல் வெரிசைன் வழக்கில், காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் என்ற நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. வெளிப்படையாகச் சொல்லாத கூறு ஒன்று உள்ளே மறைமுகமாக இருக்கிறது என்று வாதாடலாம், ஆனால் அது தவிர்க்கவே முடியாமல் இருக்க வேண்டும், இருக்கலாம் என்பது எடுபடாது. இந்த உரைகல்லில் ஸ்டோனின் முதல் விண்ணப்பத்தைத் தேய்த்தால்? ட்யூன் செய்யாத ஆன்டெனாவிலும் அந்தச் சர்க்யூட் இயங்கும். மோசமாக இயங்கும், ஆற்றலில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்கே போய்ச் சேராது, எந்த எஞ்சினியரும் ஒரு மணி நேரத்தில் ஆன்டெனாவில் ஒரு காயிலைச் சேர்த்துவிடுவான், ஆனாலும் இயங்கும். ஆகவே "தவிர்க்க முடியாமல் இருக்கிறது" என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. அதே விண்ணப்பத்தின் பக்கத்தில் லாட்ஜை வைத்தால் கதை வேறு, அங்கே மார்க்கோனிக்குத் தப்ப வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆவணங்களைச் சேர்த்து, துறை தெரிந்தவனுக்கு இது எளிதில் தோன்றியிருக்கும் என்று வீழ்த்துவது இன்று தனிப் பிரிவு, அது சட்டப் புத்தகத்தில் ஏறியதே 1952ல்தான். 1943ல் இரண்டும் ஒரே மூட்டையில் இருந்தன. அந்தத் தீர்ப்பு "முன்பே வெளிப்பட்டுவிட்டது" என்று சொல்வதில் நாம் இன்று இரண்டாகப் பிரிக்கும் இரண்டு வாதமும் கலந்தே ஓடுகின்றன. இதைத் தெரியாமல் இன்றைய அளவுகோலோடு படித்தால் நீதிபதிகள் தாவித் தாவிப் போவது போலத் தோன்றும்.

ஒரு விஷயம் பலருக்கு அநியாயமாகப் படும், எனக்கும் முதலில் பட்டது. ஸ்டோனின் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் அலமாரியில் ரகசியமாக இருந்தது, காப்புரிமையாக வெளியே வந்தது 1902 டிசம்பரில். 1900ல் மார்க்கோனி அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. பார்க்காத ஒன்று எப்படி ஒருவனுடைய புதுமையைக் கெடுக்கும்? சட்டம் காப்பியடித்தானா என்று கேட்பதில்லை, முதலில் வந்தவன் யார் என்றுதான் கேட்கிறது. அலுவலகம் மெதுவாக வேலை செய்ததற்காக முந்தி விண்ணப்பித்தவன் பிந்திப் போகக் கூடாது என்று 1926ல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய மில்பர்ன் வழக்குத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. மார்க்கோனி திருடினார் என்று யாராவது சொன்னால் அதற்கும் இந்தத் தீர்ப்பில் இடம் இல்லை.

மார்க்கோனியின் வெற்றியையே ஆதாரமாக வைக்கவும் கம்பெனி தரப்பு பார்த்தது. கடல் தாண்டிச் சிக்னல் போனது, கப்பல்கள் எல்லாம் அவருடைய கருவியை வாங்கின, இங்கிலாந்தில் 1911ல் நீதிபதி பார்க்கரும் அமெரிக்காவில் 1914ல் நீதிபதி வீடரும் இதே கண்டுபிடிப்பைச் செல்லும் என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள், இருவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உச்ச நீதிமன்றம் அசையவில்லை. முன்னால் ஒருவன் செய்துவிட்டான் என்று நிரூபணமானால் பின்னால் வந்தவனின் வியாபார வெற்றி அவன் காப்புரிமையைக் காப்பாற்றாது என்றது. அப்புறம், வாட்ஸ்அப் கோஷ்டி கண்ணில் படாமல் நழுவும் அந்தப் பத்தியும் இங்கேதான் வருகிறது: வானொலித் தொடர்பை முதலில் வெற்றிகரமாகச் சாதித்தவர் என்ற மார்க்கோனியின் புகழ் அவருடைய முதல் காப்புரிமையில் நிற்கிறது, அது இங்கே விசாரணையில் இல்லை, ஆனால் அந்தப் புகழுக்காகப் பின்னால் வந்த ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் அவருக்குக் காப்புரிமை கொடுத்துவிட முடியாது. எதைச் சொல்லவில்லை என்று தீர்ப்பு தானே எழுதிவைத்திருக்கிறது, அதையேதான் சொன்னதாக எண்பது வருஷமாகப் பரப்பிக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்ப் பாசத்தில் சிலர் ஜகதீஷ் சந்திர போஸ் பெயரையும் இந்தத் தீர்ப்பில் சொருகுகிறார்கள். போஸின் டிடெக்டர் பெரிய விஷயம், அதற்கு 1904ல் அமெரிக்கக் காப்புரிமையும் உண்டு, ஆனால் நான்கு சர்க்யூட் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மாறுபட்ட தீர்ப்புகளில் எனக்கு அதிகம் பிடித்தது நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதியது, சட்டத்துக்காக அல்ல, நேர்மைக்காக. எங்கள் படிப்பும் பழக்கமும் இந்த மாதிரி வேலைக்கு ஏற்றதே இல்லை என்று தொடங்குகிறார். நாற்பது வருஷம் கழித்து உட்கார்ந்துகொண்டு, எல்லாம் தெரிந்த கண்ணோடு பழைய படங்களைப் பார்த்தால் எல்லாமே முன்பே இருந்ததாகத்தான் தெரியும் என்பது அவருடைய கவலை. அந்தக் காலத்துப் பெரிய மூளைகள் எல்லாம் இதே துண்டுகளைக் கையில் வைத்திருந்தும் சேர்க்காமல் விட்டார்கள் என்றால் சேர்த்தவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா? இந்தக் கவலை நியாயமானது. பழைய ஆவணம் தேடும் வேலையில் தினமும் நடப்பதும் இதுதான். புதிய கிளெய்மைப் படித்துவிட்டுப் போய்ப் பழைய சர்க்யூட் படத்தைப் பார்த்தால், அங்கே வேறு காரணத்துக்காகக் கிடக்கும் ஒரு கெப்பாசிட்டர்கூட "நான் அந்த ஃபில்டர்தான்" என்று கண் சிமிட்டும். அதனால் நான் இப்போதெல்லாம் பழைய ஆவணத்தை முதலில் படித்து, அதன் சர்க்யூட் என்ன செய்கிறது என்று இரண்டு வரி எழுதிவைத்துக்கொண்ட பிறகே கிளெய்மைத் திறக்கிறேன். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டரின் வாதம் டெஸ்லாவையும் லாட்ஜையும் சேர்ப்பதற்கு எதிராக நிற்கிற அளவுக்கு ஸ்டோனுக்கு எதிராக நிற்கவில்லை. பெரிய மூளைகள் யாரும் சேர்க்கவில்லை என்று சொல்லும்போதே ஒருவர் சேர்த்து, எழுதி, தேதி போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டாரே?

அந்த ஒருவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். சொந்தமாகத் தந்திக் கம்பெனி ஆரம்பித்தார், சில வருஷத்தில் அது படுத்துவிட்டது. லீ டி ஃபாரஸ்டின் ஆடியான் வால்வை, அதாவது சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயை, 1912ல் டெலிபோன் கம்பெனியின் கண்ணில் காட்டிவைத்தவர் இவர், நாடு தழுவிய தொலைபேசி இணைப்புக்கு அந்த வால்வுதான் வழி திறந்தது. 1915ல் ரேடியோ எஞ்சினியர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தார், 1923ல் அந்தச் சங்கத்தின் கௌரவப் பதக்கம் கிடைத்தது. 1943 மே 20 அன்று இறந்தார், தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு. சோகக் கதைதான் வேண்டும் என்றால் டெஸ்லாவை விட்டுவிட்டு இவரை எடுத்துக்கொள்ளலாம், இவர் கதைக்குத் தீர்ப்பிலேயே ஆதாரம் இருக்கிறது.

பண விஷயம் சிரிப்பாக முடிந்தது. கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ் மார்க்கோனி காப்புரிமையில் 16ஆவது கிளெய்மை மட்டும் செல்லும் என்று விட்டுவைத்திருந்தது, ரிசீவர் ஆன்டெனா சர்க்யூட்டில் மாற்றக்கூடிய கெப்பாசிட்டரை இணைக்கும் ஒரு குறுகிய அமைப்பு அது. லாட்ஜின் காப்புரிமையையும் செல்லும் என்றது, அதுவும் அதற்குள் மார்க்கோனி கம்பெனி கைக்கு வந்திருந்தது. 1916ல் தொடங்கிய வழக்கில் தீர்ப்பான தொகை வட்டி நீங்கலாக சுமார் 43,000 டாலர். உச்ச நீதிமன்றம் அந்த 16ஆவது கிளெய்மையும் விடவில்லை, அதற்கு முந்தைய ஆவணங்கள் இருக்கின்றனவா என்று மறுபடி பார்க்கச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டது.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதி 320ன் முதல் பக்கத்திலேயே தொடங்குகிறது, இணையத்தில் இலவசம். பெரியது. ஃபிளெமிங் வால்வு பற்றி ஒரு பகுதி வரும், அது வேறு காப்புரிமை, வேறு கேள்வி, முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். ஸ்டோனின் காப்புரிமை எண் 7,14,756, அதையும் மார்க்கோனியின் 7,63,772ஐயும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்துவைத்துக்கொண்டு, ஆன்டெனாவில் இருக்கும் காயில்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே தீர்ப்பைப் படியுங்கள். ரட்லெட்ஜின் மாறுபட்ட தீர்ப்பை, பெரும்பான்மை ஸ்டோனைப் பற்றி எழுதிய பகுதியை முடித்த உடனேயே படித்துவிடுவது நல்லது, கடைசிவரை தள்ளிப்போட்டால் எதற்குப் பதில் சொல்கிறார் என்பதே மறந்துவிடும்.